ஒரு பச்சை லைட், மூன்று பேர்

கிண்ணியாப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். போகும்போது தோளில் ஒரு சில்லுக் கதிரை, அடியில் சக்கரம் வைத்த ஒபிஸ் நாற்காலி, இருந்தது, திரும்பும்போது கை வெறுமை. பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஒன்றும் விளங்காத நேரத்தில் நடப்பது என் பழக்கம்.

அப்போது நான் ஒரு கம்பனியின் ஒப்பரேஷன்ஸ் மனேஜர். சிரிக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வள்ளம், கட்டார், மீன் விற்கும் ஐஸ் பெட்டி என்று பல வேலை சுற்றிவிட்டு நிலாவெளியில் வெள்ளைக்காரரை ஜீப்பில் ஏற்றினேன். கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வரும் மெசேஜ்களுக்குப் பதில் போடும் கம்பனி ஒன்று, அறைகளைப் பார்த்துச் சொல்ல என்னைச் சேர்த்தது. முன்னாள் மனேஜர் விலகியதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதலாளி மெல்பேர்ணில். வேலை செய்யும் பதினொரு பேரும் அவரவர் வீட்டில்.

1. வந்தாச்சு

ஆட்களைக் காணாமல் எப்படி மேய்ப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் கணக்கெழுதும் தடித்த சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். காலை எட்டு மணிக்கு எல்லோரும் குரூப்பில் "வந்தாச்சு" என்று போட வேண்டும். போட்டவரின் பெயருக்கு நேரே சரி போடுவேன். பிறகு நாள் முழுதும் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சை லைட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லைட் எரிந்தால் ஆள் கதிரையில் இருக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நிர்வாகம்.

கிண்ணியாவிலிருந்து வேலை செய்த ரிஸானாவின் லைட் அணைந்ததே இல்லை. காலையில் அவர் பதில்கள் நீளமாக, பணிவாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு சொல்லில் முடியும். பின்னேரம் ஒவ்வொரு பதிலோடும் ஒரு பூப்படம் வரும். வெயிலுக்கு மனிதரின் குணம் மாறும்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆண்டின் சிறந்த ஊழியர் என்று அவர் பெயரை நானே எழுதி அனுப்பினேன். முதலாளிக்குச் சந்தோஷம். பரிசாகக் கதிரையைக் கொடுத்து, அடையாள அட்டையைப் பார்த்து, "லொகினில் இருப்பவர் இவர்தான்" என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னார். அவரை உதவி மனேஜர் ஆக்குவதாகத் திட்டம்.

2. கதிரை இறங்கிய வீடு

கதவைத் திறந்தவர் ரிஸானா. உள்ளே கொம்பியூட்டருக்கு முன்னால் இன்னொரு பெண் தட்டிக்கொண்டிருந்தார். சமையல் நடந்த குசினிப் பக்கமிருந்து மூன்றாமவர் எட்டிப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்தவர் ரிஸானாவின் தங்கை, எட்டிப் பார்த்தவர் மச்சி, அதாவது நாத்தனார்.

"சேர், ஒளிக்க ஏலாது," என்றார் ரிஸானா. "காலையில நான். லுஹர் தொழுகைக்குப் பொறகு தங்கச்சி. பின்னேரம் மச்சி. புள்ளைகளோட ஒரு ஆளால நாள் முழுக்க இரிக்க ஏலாதே."

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரோட கதைச்சனான்?"

"பூப் போட்டது நான்," என்றார் மச்சி.

"போன மாசம் காய்ச்சல் எண்டு லீவு கேட்டது?"

"கேட்டது நான்," என்றார் தங்கை, திரும்பாமலே அக்காவின் பக்கம் கையைக் காட்டி. "காய்ச்சல் ராத்தாக்கு."

"இந்த வீட்டில தையல் மெஷினும் ஒண்டுதான்," என்றார் ரிஸானா. "மூண்டு பேரும் மாறி மாறித் தைக்கிற. இதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டம்."

ஒரு லொகினுக்கு ஒரு ஆள் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. பயணிகளின் பாஸ்போட் போட்டோக் கொப்பிகள் அதற்குள் வரும். அந்த விதியை இவர்களுக்கு விளங்கப்படுத்தியவனே நான்தான். ஆனால் துறைமுகத்தில் என் பெரியம்மாவின் மகனுடைய பாஸைக் காட்டிப் பல நாள் மூட்டை இறக்கியவனும் நான்தான்.

"சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார் தங்கை. இப்போது திரும்பியிருந்தார். இந்த வேலை போனால் அவர் மறுபடி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். மகளுக்கு மூன்று வயது.

"தெரியேல்ல," என்றேன். அதுதான் உண்மை.

3. பாலத்தில்

பாலத்தின் நடுவில் முதலாளி போனில் அழைத்தார்.

"அண்ணை, ஆள் சரிதானே?"

"ஆள் சரி."

"அப்ப அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கோ."

"எழுத ஏலாது, தம்பி."

"ஏன், வேலையில பிழையோ?"

"வேலையில ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் விளங்கேல்ல."

"என்ன விளங்கேல்ல?"

"இந்த மனேஜர் வேலை. நான் விடுறன்."

"அண்ணை, இதோட எத்தினை வேலை விட்டிருப்பீங்கள்?"

"எண்ணேல்ல."

"சரி, அந்தப் பிள்ளையோட நானே கமராவில கதைக்கிறன்."

போனை வைத்துவிட்டார். நான் எழுதவுமில்லை, காப்பாற்றவுமில்லை. பொய் சொல்லாத நல்லவன் என்று என்னை வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் கமராவுக்கு முன்னால் தள்ளிவிட்டு நடக்கிறேன். அன்புவழிபுரத்தில் இருந்த என் அறைக்கு வந்து சேரும் வரைக்கும் செய்தது சரியா பிழையா என்று தெரியவில்லை.

4. அடுத்த நாள் காலை

ஐஸ் பெட்டிக்காரரிடம் வேலை கேட்கப் புறப்பட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது ரிஸானா போனில் அழைத்தார். நேற்று வரை சேர், இன்றைக்கு அண்ணன்.

"மூண்டு பேரும் சேர்ந்துதான் கமராக்கு முன்னால நிண்டம், அண்ணன். உள்ளதைச் சொல்லிட்டம்."

"என்ன சொன்னார்?"

"கத்தினார். பொறகு எந்தப் பதிலை ஆர் எழுதினது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். பொறகு, மனேஜரும் விட்டிட்டுப் போயிட்டார், அந்த மனேஜர் வேலைய நீங்களே பாருங்க எண்டார். தங்கச்சிக்கும் மச்சிக்கும் அவங்கட பேரிலயே லொகின் வந்திட்டு."

ஒரு நாளில் எத்தனை பேருடைய வேலை நடக்கிறது என்று நான் ஒருதரமும் கணக்குப் பார்த்ததில்லை. லைட்டை மட்டும் பார்த்தேன். புதிதாக மனேஜராகும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

"இப்ப காலை நேரத்துக்கு ஆளில்லை," என்றார் ரிஸானா. "நீங்க இருப்பீங்களா?"

"என்ர இங்கிலீசு ஜீப் இங்கிலீசு."

"பரவாயில்ல. ஒங்கட வீட்டுல வேற ஆரும் இரிக்காங்களா?"

"இல்லை. தனி ஆள்."

"அப்ப நல்லம்."

செருப்பைக் கழற்றினேன். எட்டு மணிக்கு குரூப்பில் "வந்தாச்சு" என்று போட்டேன். அடுத்த நிமிடம் புது மனேஜர் ரிஸானாவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் வந்தது.

"நீங்கதானே?"

"ஓம், நான்தான்," என்று எழுதினேன்.