சுல்தானை இறக்கிய கார்டு

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி பாதிரியாரின் மனைவி, இன்னொருத்தி தையற்காரி அத்லா. பாதிரியார் மனைவி யாருடைய கடிதத்தைப் படித்தாலும் நடுநடுவே தன் உபதேசத்தையும் சேர்த்துப் படிப்பாள். அதனால், பெய்ரூத்துக்கு மலை தாண்டிப் போக வேண்டிய எங்கள் ஐன் தூத் ஊரில் கடிதம் வந்தவர்கள் எல்லாரும் அத்லாவின் வீட்டுக்குத்தான் போவோம். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றியபடியே படித்துச் சொல்வாள்.

அவளுடைய அப்பா பிரேசிலுக்குத் துணி விற்கப் போனவர், அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அத்லாவுக்குப் பதினேழு வயது, தம்பி நஸ்ரிக்கு ஏழு. அம்மா ஹன்னேவுக்குக் கண் பார்வை மங்கல், முழங்கால் வலி வேறு. அன்று இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள்தான். இரண்டு தடவை நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நஸ்ரி படிப்பை முடிக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நஸ்ரியும் நன்றாகப் படித்துப் பெய்ரூத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் தங்கினான்.

வாரத்துக்கு இரண்டு கார்டு எழுதுவான். பெரிதாக ஒன்றும் இருக்காது. இருமல் தேவலை, அனுப்பிய அத்திப்பழ ஜாம் மூடி கழன்று சட்டையெல்லாம் பிசுபிசு, வெள்ளைக்கார வாத்தியாரின் நாய் குட்டி போட்டிருக்கிறது, இந்த மாதிரி. கார்டுதானே, உறைக்குள் போட்டு ஒட்டியதில்லை. தபால்காரர் ஷாஹீன் தெருமுனையிலேயே படித்துவிட்டு, "நஸ்ரி அம்மா, பையன் கணக்குல தேறிட்டானாம்" என்று கத்திக்கொண்டே வருவார். அத்லா கையில் வாங்கும் முன்பே நாங்கள் எல்லாரும் தெரிந்துகொண்டிருப்போம். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

1907ஆம் வருஷம் நவம்பரில் ஒரு புதன்கிழமை, ஷாஹீன் கத்தாமல் வந்தார். கார்டைத் தையல் மேசைமேல் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார். ஹன்னே காபி குடிக்கச் சொன்னாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அத்லாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அத்லா திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு நல்ல செய்தி. எங்கள் சுல்தானை நேற்று இறக்கிவிட்டோம். இருநூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றோம். பொழுது சாயும் முன் ஆள் மூட்டை கட்டிவிட்டார். இனி எங்களுக்கு விடுதலைதான். அம்மாவின் முழங்கால் எப்படி? கம்பளிக் காலுறை இன்னொரு ஜோடி வேண்டும்."

சுல்தான் யார் என்று அத்லாவுக்குத் தெரியும். விடுதியின் தலைமைச் சமையற்காரர். பருப்பில் கல், ரொட்டியில் பூஞ்சை, கேட்டால் கரண்டியை ஓங்குவார். பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. ஈஸ்டர் விடுமுறையில் நஸ்ரி அவரைப்போல நடந்துகாட்டி, ஹன்னேவை விலா நோகச் சிரிக்க வைத்திருந்தான். ஆனால் கார்டில் சமையல், பருப்பு, கரண்டி என்று ஒரு சொல்கூட இல்லை. எங்களை ஆளும் உண்மையான சுல்தான் இஸ்தான்புல்லில் அரியணையில் இருந்தார். விடுதலை என்ற சொல்லைப் பத்திரிகைகளில் அச்சடிக்கவே கூடாது. மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டு ஜிர்ஜிஸ் வாத்தியாரைச் சென்ற வசந்தத்தில்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் புத்தகத்துக்குள் ஏதோ ஒரு பத்திரிகைத் துண்டு இருந்ததாம். டமாஸ்கஸில் இருக்கிறார் என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். அவர் மனைவிக்கு இன்றுவரை ஒரு வரி வரவில்லை.

அதைவிட மோசம் இரண்டு இருந்தன. பெய்ரூத் முத்திரையில் வெள்ளிக்கிழமைத் தேதி. சனிக்கிழமை ரயிலில் வந்திருக்க வேண்டிய கார்டு புதன்கிழமை வந்திருக்கிறது. நடுவில் எங்கே இருந்தது? இரண்டாவது, சுல்தான் என்ற சொல்லுக்குக் கீழே யாரோ ஊதாப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கோணலில்லாத, நிதானமான கோடு.

"என்னடி எழுதியிருக்கான்?" என்றாள் ஹன்னே.

"காலுறை வேணுமாம்மா."

"அவ்வளவுதானா? சத்தமாப் படியேன்."

அத்லா படித்தாள். மழை, குளிர், புதுப் பாடப்புத்தகம், உன் முழங்கால் எப்படி என்று வாயில் வந்ததையெல்லாம் சேர்த்துப் படித்தாள். அம்மாவிடம் அவள் பொய்யாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

எரித்துவிடலாம் என்று அடுப்புவரை போனாள். நாளைக்கு வந்து கார்டைக் கொடு என்று கேட்டால்? எரித்தேன் என்றால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். திரும்பி வந்து சுவரில் இருந்த மார் இலியாஸ் புனிதர் படத்தின் பின்னால் செருகினாள். படம் சற்றே முன்னால் தள்ளி நின்றது. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அதையே பார்ப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

நஸ்ரிக்குச் சொல்ல வேண்டும். உறை போட்டு எழுதினால் சந்தேகம், பிரித்துப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு கார்டுதான் எழுதினாள். ஆனால் அதைத் தம்பிக்காக எழுதவில்லை, நடுவில் உட்கார்ந்து படிக்கிறவனுக்காக எழுதினாள். "அன்புத் தம்பிக்கு, உங்கள் விடுதிச் சமையற்காரரை மாற்றியது கேட்டு அம்மா வருத்தப்பட்டார். பருப்பில் கல் இருந்தால் பொறுக்கிப் போட்டுச் சாப்பிடக் கூடாதா? வயதானவருக்குப் பட்டப்பெயர் வைப்பது நல்ல பிள்ளைகளுக்கு அழகில்லை. நம் பாதுஷா நீடூழி வாழ்க." கடைசி வரி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுல்தானை வாழ்த்திக் கூடிச் சொல்லும் வரி. வீட்டுக் கடிதத்தில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதிய பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. அந்த வரியை அடித்துவிட்டால் இன்னும் மோசம். அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை கார்டு வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் ஒரு வாரம் சேர்ந்தாற்போல எழுதாமல் இருந்ததே கிடையாது. அத்லா சட்டைக் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அங்கேயே தைத்தாள். நான் போய்க் கேட்டபோது தலைவலி என்றாள். ஷாஹீன் எங்கள் தெருவுக்குள் வராமல், கடிதங்களை முனை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது இரண்டு சிப்பாய்கள் தெருவில் நின்று தையற்காரி வீடு எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் காட்டினோம். வேறென்ன செய்வது? அத்லா கதவைத் திறந்தாள். அவர்களில் மூத்தவர் தன் மேலங்கியைக் கழற்றி நீட்டினார். தோள் தையல் விட்டுப்போயிருந்தது, மதியத்துக்குள் வேண்டுமாம். அவ்வளவுதான். மார் இலியாஸ் படத்துக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சிகரெட் பிடித்தார். அத்லா தைத்தாள். ஊசி விரலில் இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை. அவர்கள் போனதும் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள். ஹன்னேவுக்கு ஒன்றும் புரியவில்லை, காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு சோம்புக் கஷாயம் வைத்தாள்.

மறுநாள் காலை ஷாஹீன் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "தபாலாபீஸ்ல ருஷ்தி எஃபெந்தி உன்னை வரச்சொல்றார். எதுக்குன்னு என்கிட்ட கேக்காதே. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

ருஷ்தி எஃபெந்தி, அதாவது ருஷ்தி ஐயா, தபால் அதிகாரி. அனடோலியாப் பக்கத்துத் துருக்கிக்காரர், மெலிந்த மனிதர், யாரோடும் பேச மாட்டார். மாதா மாதம் அரண்மனைக்கு உளவு எழுதி அனுப்புகிறார் என்று ஊரில் பேச்சு. அத்லா கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ருஷ்தி கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று கார்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று அவள் எழுதியது. அது ஊரைவிட்டே போகவில்லை. மற்ற இரண்டும் நஸ்ரியின் கையெழுத்து.

"படிங்க," என்றார். உடைந்த அரபியில் பேசினார்.

முதலாவதில் நாய்க்குட்டி, பரீட்சை. இரண்டாவதில், "புது சுல்தான் பழையவரைவிட மோசம். இவரையும் இறக்க வேண்டியதுதான்."

"அவரு சமையற்காரர் எஃபெந்தி," என்றாள் அத்லா. "சத்தியமா சமையற்காரர்."

"எனக்குத் தெரியும்மா. ரெண்டு வருஷமா உங்க வீட்டுக் கார்டைப் படிக்கிறேன். அவனுக்கு இருமல் எப்போ வந்துச்சு, எப்போ போச்சுன்னுகூடத் தெரியும். நான் படிச்சாப் பரவாயில்லை. மத்தவங்க படிச்சா?"

அவர் சாத்திய கதவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். ஊதாக் கோடு இழுத்தது தான்தான் என்று அவரே சொன்னார். மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவதற்காகக் கோடு போட்டு நாலு நாள் வைத்திருந்தார். எழுத மனம் வரவில்லை. கார்டை ஷாஹீனிடம் கொடுத்துவிட்டார். மாலையில்தான் உறைத்தது, அந்தப் பென்சில் இந்த ஆபீசில் அவரிடம் மட்டும் இருப்பது. கோட்டைப் பார்க்கிற எவனும் இந்த மனிதன் படித்திருக்கிறான், படித்தும் மறைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவான். வியாழக்கிழமை டமாஸ்கஸிலிருந்து பரிசோதகர் வருகிறார்.

"அந்தக் கார்டை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார்.

அத்லா யோசித்தாள். கொடுத்தால் தம்பியின் கையெழுத்து, ஊதாக் கோடு எல்லாம் ஓர் அதிகாரியின் கையில். இந்தப் பயம் நடிப்பாக இருந்தால்? இல்லை என்று சொன்னால், பயந்த மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் அறிக்கை எழுதிவிடலாம். எரித்துவிட்டேன் என்றால் நம்பப்போவதில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. தன் கண்ணிலும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

"கொண்டு வரேன்," என்றாள் கடைசியில். "உங்க கையில குடுக்க மாட்டேன். நீங்க பாத்துக்கிட்டு இருக்க, இந்தக் கணப்புல நானே போடுறேன். இந்த மூணையும் சேத்து."

ருஷ்தி கணப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வீட்டுக்குப் போய், அம்மா மாவு பிசையும் சமயம் பார்த்துப் படத்தின் பின்னாலிருந்து கார்டை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தபாலாபீஸில் ருஷ்தி கணப்பின் மூடியை எடுத்து வைத்துக் காத்திருந்தார். முதலில் ஊதாக் கோடு போட்ட கார்டை அவர் பார்க்கக் காட்டினாள், போட்டாள். பிறகு மற்ற மூன்றும். கெட்டி அட்டை லேசில் பற்றவில்லை. இரண்டு பேரும் குனிந்து நின்று ஊதினார்கள். வெளியே யாரோ ஜன்னலைத் தட்டி அஞ்சல் தலை கேட்டார்கள். ருஷ்தி, "வரேன், வரேன்" என்றாரே தவிர, சாம்பலைக் கிளறித் தூளாக்கும் வரை நகரவில்லை.

"பையன்கிட்ட வாயால சொல்லுங்க," என்றார். "எழுத்துல வேண்டாம்."

மறுநாள் காலை ரயிலில் அத்லா பெய்ரூத் போனாள். தனியாக ரயில் ஏறியது அதுவே முதல் தடவை. அம்மாவிடம் நூல் வாங்கப் போவதாகச் சொன்னாள். மலை ஏறும் வழியெல்லாம், அங்கே போய்க் கேட்டால் அப்படி ஒரு பையனே இல்லை என்று சொல்வார்கள் என்ற நினைப்பு அவளை விடவில்லை. கல்லூரி வாசலில் விசாரித்து, மணி அடிக்கும்வரை நின்றாள். நஸ்ரி நாலு பையன்களோடு சிரித்துக்கொண்டு வந்தான். கையில் எள் ரொட்டி.

"அக்கா, அம்மாவுக்கு ஏதாச்சும்?"

அவள் அவனைச் சுவரோரமாக இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் சிரித்தான். "சமையற்காரன் சமாச்சாரத்துக்கா?" என்றான். ஜிர்ஜிஸ் வாத்தியாரின் பெயரைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. ரொட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றான். அவன் உதடு வெளுத்ததைப் பார்த்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு வந்த கார்டுகளை நாங்களும் கேட்டோம். "நலம். மழை பெய்தது. அம்மாவின் கையை முத்தமிடுகிறேன்." நாய்க்குட்டிகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியவில்லை. பையன் பெரிய மனுஷனாகிவிட்டான் என்றாள் ஹன்னே. பரிசோதகர் வந்தார், கணக்குகளைப் பார்த்தார், கோழி சாப்பிட்டார், போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து, ஜூலையில், சுல்தான் முடக்கி வைத்திருந்த அரசியல் சட்டம் திரும்ப வந்துவிட்டது, இனி யாரும் எதையும் எழுதலாம் என்று தந்தி வந்தது. தெருவெல்லாம் மேளம், மக்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஜிர்ஜிஸ் வாத்தியாரின் மனைவி மட்டும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், கூட்டத்துக்கு உளவாளி ஒருவன் தேவைப்பட்டான். ருஷ்தி எஃபெந்தியின் வீட்டு ஜன்னல்களைக் கல்லால் அடித்தார்கள். அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினாள். அவரை வெறுங்காலோடு ரயில் நிலையம்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள்.

அத்லா தன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் நஸ்ரியைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்த மனிதரோடு கதவைச் சாத்திய அறையில் இருந்ததைச் சொல்ல வேண்டும். அவள் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

நஸ்ரி மருந்தாளுநர் ஆனான், எகிப்தில் கடை போட்டான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். ஹன்னே பின்னால் வந்த பெரும் போரின்போது பட்டினிக் காலத்தில் இறந்தாள். அத்லா கடைசிவரை எங்கள் தெருவிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது இருபது வருஷம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், என் மகளின் கல்யாண உடுப்புக்கு அளவெடுத்துக்கொண்டே.

"கார்டு வந்த அன்னிக்குப் பயந்தேன், அது சரி," என்றாள். "சிப்பாய் வந்த அன்னிக்கும் சரி. அந்தாளைத் தள்ளிக்கிட்டுப் போனப்ப என்னை யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க. அதிகம் போனா நாலு பேச்சுப் பேசியிருப்பாங்க. அன்னிக்கும் பயந்துட்டேன்."

நானும் அந்தக் கூட்டத்தோடு நிலையம்வரை போனவள்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை.