பாவா கடை பிளேடு

என் கைதான் பிளேடை உடைக்கிறது என்று திருத்தணியில் ஒரு பட்டறையே சொன்னது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். குண்டூரில் மிளகாய் மண்டி, ரேணிகுண்டாவில் ரயில்வே கூட்ஸ் ஷெட், திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டு என்று சுற்றிவிட்டு எழுபதுகளின் நடுவில் திருத்தணியில் வந்து இறங்கினேன். அங்கேயும் முதலில் ரயிலடியில் மூட்டைதான் தூக்கினேன். பிறகு சித்தூர் ரோட்டில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறையில் இடம் கிடைத்தது. முதலாளி நெசவுக் குடும்பத்துக்காரர். தறியைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் பட்டறை வைத்தவர். எல்லோரும் அவரை நைனா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பட்டறையில் ஒரு ரம்ப மெஷின் இருந்தது. மோட்டாரைப் போட்டால் ஒரு இரும்புக் கை பிளேடைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வரும். அடியில் கட்டையையோ இரும்பையோ வைத்து முறுக்கிவிட்டால் போதும், அறுத்துக்கொண்டே இருக்கும். அதை ஓட்டியவன் லாரியில் கிளீனராகப் போய்விட்டதால் என்னை நிறுத்தினார்கள். தலையில் சுமை இல்லாமல் நான் பார்த்த முதல் வேலை அதுதான். சாயங்காலம் கழுத்தைத் திருப்பினால் வலிக்காது. அந்த மெஷினை விடக்கூடாது என்று நினைத்தேன். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு அப்போது கிடையாது.

பள்ளிப்பட்டில் ஒரு குடும்பம் பவர்லூம் போட இருந்தது. தறி ஓடினால் தரை அதிரும். அதைத் தாங்க, ரயில் பாதையில் கழித்துப்போட்ட சிலீப்பர் கட்டைகளை அடியில் பரப்புவார்கள். அந்தக் கட்டைகளையும் மேலே நிறுத்துகிற ஆங்கிள் இரும்பையும் அளவுக்கு அறுத்துக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. சிலீப்பர் கட்டை சாதாரண மரமில்லை. எண்ணெயும் புழுதியும் குடித்துக் குடித்து இறுகியது. உள்ளே முறிந்த ஆணி கிடக்கும், வெளியே தெரியாது.

பிளேடுகள் வந்தது பாவா கடையிலிருந்து. பாவா என்றால் நைனாவின் அக்கா வீட்டுக்காரர், பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். தொழில் எதுவானாலும் முதல் சாமானை அக்கா வீட்டுக்காரர் கையால் வாங்க வேண்டும். அவர் கை ராசியான கை. தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் முதல் நாடாவும் அவர் கொடுத்ததுதான், பட்டறைக்கு முதல் பிளேடும் அவர் கொடுத்ததுதான். முதல் சாமானோடு அது நிற்கவில்லை. அன்றிலிருந்து எல்லாப் பிளேடும் அவர் கொடுத்ததே.

அவரிடம் ஒரே ரகம்தான் இருந்தது. பொடிப் பல், மெல்லிய தகடு. ஆங்கிள் இரும்பை ஒருமாதிரி அறுக்கும். கட்டையில் வைத்தால் பல்லுக்கு இடையில் மரத்தூள் அடைத்துக்கொள்ளும். பல் கடிக்காது, தேய்க்கும். பிளேடு சூடேறி ஒரு பக்கமாக இழுக்கும், பிறகு சிக்கும், பிறகு டப்பென்று போகும். ஒரு கட்டை முடிவதற்குள் இரண்டு மூன்று போய்விடும்.

உடைந்த துண்டுகளுக்கு மட்டும் நல்ல கிராக்கி. சாணை பிடித்தால் நூல் அறுக்கிற கத்தியாகிவிடும். பக்கத்துத் தெருவில் தறி நெய்கிற ஒரு அம்மா அடிக்கடி வந்து நிற்பார்.

"இன்னா தம்பி, இன்னிக்கு எத்தினி உடைச்ச?"

"ரெண்டுமா."

"இன்னும் ஒண்ணு உடையேன். எங்க ஓரகத்தி கேட்டுகினு கீறா. எங்க தெருவுல பாதி வூட்டுக்கு உன் புண்ணியத்துலதான் கத்தி."

பட்டறையே சிரிக்கும். நைனா சிரிக்கமாட்டார்.

"குடுக்கிற கை ராசியான கைடா. அப்ப உடைக்கிறது எந்தக் கை? வாங்கின கைதான?" என்றார் ஒருநாள். "ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாப்பேன். அப்பறமும் இப்படியே ஒடைச்சிகினு இருந்தா நீ மூட்ட தூக்கவே போயிடு."

"பல்லு சரியில்ல நைனா. கட்டைக்குப் பெரிய பல்லு வேணும்."

"பாவா குடுத்தது சரியில்லன்றியா?"

அதற்கு என்ன பதில் சொன்னாலும் தப்பு. நான் சொன்னேன். "ஆமா நைனா, சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். பாரிமுனைக்குப் பின்னால் இரும்புக் கடைத் தெருவில் கடை கடையாக ஏறினேன். மிகவும் கடினமான பிளேடு எது என்று கேட்டு வாங்கி வந்தேன். எதைக் கொடுத்தாலும் அறுக்கும் என்றார்கள். உண்மையாகவே அறுத்தது. கட்டைக்குள் ஆணி தட்டுகிற வரைக்கும் அறுத்தது. ஆணி தட்டியதும் கட்டை லேசாக அசைந்தது, பிளேடு கண்ணாடி மாதிரி நாலு துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு என் புறங்கையைக் கிழித்தது. துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன்.

"மெட்ராஸ் பிளேடும் உடைச்சிட்டான்டா!" என்றார் நைனா. அவருக்கு அதில் ஒரு நிம்மதி.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு யோசித்தேன். முழுக்கக் கடினமாக இருந்தால் வளையாது, வளையாதது உடையும். பல் மட்டும் கடினமாக இருக்க வேண்டும், முதுகு வளைய வேண்டும். அடுத்த ஞாயிறு ஒரு சின்ன அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு அதே தெருவுக்குப் போனேன். பிளேடின் முதுகில் அரத்தை இழுத்தால் பற்ற வேண்டும், பல்லில் இழுத்தால் வழுக்க வேண்டும். இரண்டு கையாலும் வளைத்துவிட்டால் நேராகத் திரும்பி வர வேண்டும். பல் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்படிச் சாய்ந்திருந்தால்தான் அறுத்த வழி அகலமாகி பிளேடு சிக்காது.

"வாங்க வந்தியா, இல்ல கடைய ஒடைக்க வந்தியா?" என்று கத்தினார் ஒரு கடைக்காரர்.

"வளைஞ்சா வாங்கறேன். ஒடைஞ்சா உங்களோடது" என்றேன். துரத்திவிட்டார். நாலாவது கடையில் கிடைத்தது. கட்டைக்கு அங்குலத்துக்கு நாலே பல் வைத்தது ஒன்று. ஆங்கிள் இரும்புக்கு நெருக்கமான பல் வைத்தது ஒன்று. இரும்பின் கனத்துக்குள் மூன்று பல்லாவது ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் ஓரம் பல்லைப் பிடுங்கிவிடும். அந்த வாரம் ஒருவேளைச் சோற்றில் ஓட்டினேன். வயிறு அதற்குப் பழகினதுதான்.

திங்கட்கிழமை காலை பாவா பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு என்னுடையதைப் பூட்டினேன். கட்டையின் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து அசையாமல் செய்தேன். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. பெரிய பல் தூளை வாரி வாரி வெளியே கொட்டியது. நடுவில் ஆணி தட்டியது. மெஷின் முனகியது, பிளேடு வளைந்து நிமிர்ந்தது. ஒரு பல் போயிற்று, அவ்வளவுதான். கட்டை இரண்டாகி விழுந்தது. அடுத்த கட்டைக்கும் அதே பிளேடு. கிருத்திகைக்கு முந்தின வாரம் வரை அதே பிளேடு. ரோட்டில் காவடிக் கூட்டம் போக ஆரம்பித்திருந்தது, எங்கள் வாசலில் அறுத்த கட்டைகள் அடுக்கி நின்றன. தறிக்கார அம்மா வந்து வெறுங்கையோடு திரும்பினார். "கெட்டுப்போயிட்ட தம்பி நீ" என்றார்.

செய்தி பஜாருக்குப் போனது. பாவாவே வந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் ஒரு கட்டையில் பாதி அறுக்கும் வரை பார்த்தார். கெட்டவரில்லை. கோபமும் படவில்லை.

"இந்த மாதிரியே நான் மெட்ராஸ்லருந்து தருவிச்சிக் குடுக்கறேன் மச்சான்" என்றார் நைனாவிடம். "ஆனா ஒண்ணு. என் கை ராசியில்லன்னு ஊர்ல பேச்சு வந்துகினு இருக்குது. அத எப்டி அழிக்கிறது?"

நைனா என்னைப் பார்த்தார். "பாவா கையால ஒரு புதுப் பிளேடு வாங்கிக்கடா. சாமி படத்துக்கு முன்னால நின்னு, இத்தினி நாளு என் கையிதான் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு. மெஷினு உன்னுதுதான். யாரும் கேக்கமாட்டாங்க."

"என் கை சரியாத்தான் இருக்குது நைனா."

"எனக்குத் தெரியாதாடா? தெரிஞ்சிதான் சொல்றேன். ஒரு வார்த்த."

"தெரிஞ்சிகினே சொல்லச் சொல்றீங்க."

"அக்கா வூடுடா. நான் இன்னா பண்ணுவேன்?"

அவருக்கு வேறு வழியில்லை என்பது எனக்குப் புரிந்தது. எனக்கும் வேறு வழியில்லை. படிப்பு, ஊர், உறவு என்று காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது. இந்தக் கைதான் இருந்தது. அதைச் சரியில்லை என்று நானே சொல்லிவிட்டு அதே கையால் எந்த மெஷினை ஓட்டுவது?

மோட்டாரை நிறுத்தினேன். போல்ட்டைத் தளர்த்தி என் பிளேடை உருவினேன். சூடாக இருந்தது, துணியில் சுற்றினேன். ஆங்கிள் பிளேடையும் எடுத்துக்கொண்டேன்.

"கட்டைய முடிச்சிட்டாவது போடா" என்றார் நைனா.

"உங்க பாவா பிளேடு போட்டு முடிங்க" என்றேன்.

மறுநாள் ரயிலடியில் சிமெண்டு மூட்டை இறக்கினேன். சாயங்காலம் கழுத்து திரும்பவில்லை.