நடந்து போக விடாத தோட்டம்

நகரத்துப் பெரிய மருத்துவமனையை விட்டு, மலேசியாவின் மந்தின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் கிளினிக்குக்குத் தாதியாக, அங்கத்துப் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, நான் வந்ததே நடப்பதற்காகத்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே காற்று வாங்கிக்கொண்டு வேலைக்கு நடந்து போனால் உடம்பு இளைக்கும் என்று நம்பினேன்.

முதல் நாள் காலையிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பதறிப்போயிருந்தார்.

"என்ன மிஸ்ஸி, காடி கெட்டுப்போச்சா? ஏறுங்க."

"இல்லண்ணே, காரு நல்லாத்தான் இருக்கு, சும்மாதான் நடக்கிறேன்."

அந்தத் தோட்டத்தில் சும்மா நடப்பவர்கள் யாரும் இல்லை. நடந்து போகிறவரை ஏற்றிக்கொள்ளாமல் போவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. பாவம், அந்த மனிதர் கிளினிக் வாசல்வரை மோட்டாரிலேயே என் கூட ஊர்ந்து வந்தார். மறுநாள் செம்பனைக் குலை ஏற்றிய லாரி நின்றது. அந்த வாரம் முடிவதற்குள், நான் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு அவர் காரில் ஏற மறுக்கிறேன் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. மானம் போவதைவிட எடை கூடுவது மேல் என்று, தினமும் பக்கத்து வீட்டு அக்கா மகனின் மோட்டாரில் ஏறிக்கொள்ள ஆரம்பித்தேன்.

சில மாதங்களில் அந்த அக்காவே சர்க்கரை கூடிக் கிளினிக்குக்கு வந்தார்.

"தினமும் அரை மணி நேரம் நடக்கணும்க்கா" என்றேன் கண்டிப்பாக.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"நான் நடக்கிறது இருக்கட்டும் மிஸ்ஸி. உங்கள ஏத்தி ஏத்தி எம்மவன் மோட்டாரு பின் டயரு தேஞ்சே போச்சு லா."