பூசைக்கு வைத்த சர்வர்

அந்த ஆள் லுங்கியோடு சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. நான் போனில் திறந்தது எங்கள் வீட்டுக் கேமராவை. விராலிமலைக்குப் பக்கத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் கூடம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு நீலச் சுவர், ஒரு மீன்தொட்டி, அவன். மீன்கள் மெதுவாகப் போய்த் திரும்பின. கனவில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் இவனைப் பார்க்கிறேன் என்றால், எங்கள் அம்மாவை எவன் பார்க்கிறான்?

கேமரா விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். படமெல்லாம் கேமராக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாகப் போய் வருகிறது, அங்கேதான் வீடு மாறியிருக்கிறது என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

அம்மா கேமராவுக்குச் சம்மதித்ததே பெரும் பாடு. போன வருஷம் கொல்லையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வரும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். சென்னையிலிருந்து அண்ணன் கையோடு கூட்டிப்போக வந்தான். அவன் வீடு அடுக்குமாடியில், உச்சியில். "அங்கிட்டு வந்து நான் என்னத்தடா பண்றது, சன்னல்ல காக்கா மாதிரி ஒக்காந்திருக்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் நானும் அண்ணனும் ஒரு பேச்சுக்கு வந்தோம். கூடத்தில் கேமரா இருக்கும். கோயம்புத்தூரில் வேலை செய்யும் நான் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். பார்க்க முடியாமல் போனால், அண்ணன் வந்து கூட்டிப் போய்விடுவான். ஆகவே கேமராவைப் பிடுங்கி எறியவும் முடியாது, அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பம்பு கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பாதிப் பேர் உளறுகிறார்கள். வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குள் பத்திரமாக நுழையும் தனி வழிக்கு விபிஎன் என்று பெயர். அதையே மாசச் சந்தா கட்டி எந்த நாட்டிலோ இருக்கிற மாதிரி நடிப்பது என்று விளம்பரம் செய்கிறார்கள். அது அடுத்தவன் வீட்டு வழியாக வெளியே போகிற வேலை. நான் என் வீட்டுக்குள் போக வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒரு சர்வர், எப்போதும் விழித்திருந்து வழி திறக்கிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய லேப்டாப்பை வைக்கலாம் என்றால் அது கொதிக்கும், சத்தம் போடும். வாடகைக்கு எங்கேயோ ஒரு சர்வர் எடுக்கலாம் என்றால், மறுபடியும் அம்மா படம் எவன் வீட்டுக்கோ போய்த் திரும்பும். கடைசியில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினேன். சாவி மாதிரி அதற்கு ஒரு ரகசியக் குறியீடு, என் போனுக்கு ஒன்று. ஒன்றை ஒன்று அடையாளம் தெரிந்தால்தான் வழி திறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அதைக் கூடத்தில் மாட்டி, கேமரா வெளியே போகும் வழியை ரூட்டரில் அடைத்துவிட்டேன். இனி பார்க்க வேண்டுமென்றால் என் பெட்டி வழியாக வீட்டுக்குள் வந்துதான் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் வெளியிலிருந்து தட்டினால் திறக்கவில்லை. எங்கள் ஊருக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரர், ஊருக்கே சேர்த்து ஒரே இணைய முகவரியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக் கதவு என்று யாருக்குத் தெரியும்? தனி முகவரி கேட்டேன்.

"அதெல்லாம் கம்பெனிக்குத்தான்க்கா கேப்பாங்க. வீட்டுக்கு எதுக்கு?"

"என் வீட்டுக்கு நான் போகணும்."

"அதுக்குப் பஸ்ஸு இருக்குல்ல," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வாங்கிக் கொடுத்தார்.

பெட்டி வேலை செய்ய ஆரம்பித்த நாளை மறக்க முடியாது. காந்திபுரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். போனின் மேல் மூலையில் சின்னச் சாவிப் படம் வந்தது. கூடம் திறந்தது. அங்கே வெயில். பின்கதவு வழியாக வந்த வெளிச்சம் சிவப்புத் தரையில் நீளமாகக் கிடந்தது. ஃபேனின் நிழல் அதன்மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மயில் வாசற்படிவரை வந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, எதையோ யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. அம்மா முறத்தோடு குறுக்கே நடந்தாள். சத்தமே இல்லை. என் தோளில் மழை சொட்டுகிறது, கண் முன்னால் வெயில் அடிக்கிறது. எந்த ஊரில் நிற்கிறேன் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை. போன் இப்போது வீட்டு நெட் வழியாகவே போய் வந்ததால், இணையத்தில் சில பக்கங்களும் நான் திருச்சிப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கே உள்ள கடைகளைக் காட்டின. அவற்றுக்கு இருந்த நம்பிக்கை எனக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம், பஸ் நேரம் எல்லாம் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். அம்மா தலை துவட்டுவதை, தரையில் படுத்துக் காலை நீட்டுவதை, தனக்குத்தானே பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எப்போது வந்துபோகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆயுத பூசை அன்று காலை கம்பெனியில் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று போனைத் திறந்தேன். கூடத்தில் அம்மா ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். விழுந்து எழுந்தவள், ஸ்டூலில். அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு விரல் வந்தது. பிறகு படம் முழுக்க மஞ்சள். வெயிலைத் தேனில் கரைத்த மாதிரி ஒரு மஞ்சள், நடுவில் சிவப்பு. சந்தனம், குங்குமம். கேமராவின் கண்ணிலேயே பொட்டு வைத்துவிட்டாள்.

திட்டலாமா சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அந்த மஞ்சளும் போய்விட்டது. இருட்டு. சர்வர் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். பால்காரம்மா எடுக்கவில்லை. எங்கள் வீடு வயல் ஓரம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. ஸ்டூல் மட்டும்தான் என் கண்ணில் நின்றது. அண்ணனிடம் கேட்டது என் தப்பு, அவனிடம் அவள் ஏதாவது பேசினாளா என்று. அவன் உடனே காரை எடுப்பதாகச் சொன்னான். இந்தத் தடவை அவள் துணிமணியோடுதான் திரும்புவேன் என்றான்.

பஸ் கரூர், திருச்சி தாண்டிப் போனது. ஊர் ஊராக லாரிகளும் ஆட்டோக்களும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு சும்மா நின்றன. வழி நெடுக அந்த இருட்டுப் படத்தையே திறந்து திறந்து பார்த்தேன்.

பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தேன். சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை. அதில் அரிவாள்மணை, தையல் மெஷின் கத்தரி, மண்வெட்டி, அம்மாவின் செல்போன், என் சர்வர். எல்லாவற்றுக்கும் பொட்டு. பக்கத்தில் பொரி கடலை. அம்மா தரையில் தலையணை போட்டு நல்ல தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள்.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். ஸ்டூல், போன், அண்ணன், எல்லாம்.

"பூசைக்கு வச்ச சாமான அன்னைக்குத் தொடக் கூடாதுடி. கத்திரிக்கோலு, மம்பட்டி எல்லாம் சும்மாதான கெடக்கு? ஒன் பொட்டி மட்டும் ராப்பகலா ஒழைக்கணுமா? காலையில எடுத்து மாட்டிக்க."

"செத்துக் கெடக்கியோன்னு வந்தேன்மா."

அவள் ஒரு பிடி பொரியை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"இன்னைக்குத்தான்டி யாரும் பாக்காம படுத்து ஒறங்குனேன். மாராப்பு வெலகுதா, வாயத் தொறந்து கெடக்கேனானு நெனைக்காம."

மீன்தொட்டிக்காரன் பார்க்கக் கூடாதென்றுதான் இத்தனையும் செய்தேன். அவளுக்கு அவனும் நானும் ஒன்றுதான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பொரியைத் தின்றேன்.

பூசை விடுமுறை நெரிசலில் மாட்டி இன்னும் விழுப்புரத்திலேயே இருந்த அண்ணன் போனில் பேசினான். அம்மா நன்றாக இருக்கிறாள், திரும்பிப் போ என்றேன். பார்க்க முடியாவிட்டால் கூட்டிப்போவது என்பதுதானே பேச்சு என்றான். அந்தப் பேச்சு நமக்குள் பேசியது, அவளைக் கேட்டுப் பேசியது இல்லை என்றேன். அவன் கோபமாக என்னென்னவோ சொன்னான். நானும் சொன்னேன். வைத்துவிட்டேன்.

காலையில் அம்மா இலையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பழைய இடத்தில் வைத்தேன். கேமராக் கண்ணின் பொட்டைத் துடைத்து, அதன் வயரை மட்டும் கீழே இறக்கி, அவள் படுக்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற சுவிட்சில் மாட்டினேன். அணைத்தால் எனக்கு ஒரு போன் போட்டு அணைத்தேன் என்று சொல்ல வேண்டும், ஸ்டூலில் ஏறக் கூடாது என்றேன். சரி என்றாள். போட்டும் அணைத்தும் பார்த்தாள்.

நான் ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்தபோது கேமரா அணைந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.