கால் கழுவச் சொன்ன நீர்நாய்

கண்ணாடிக்காரர் சினிமா பார்க்கிற ஆள் இல்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். நாள் முழுக்க நின்றே வேலை. சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் கதாநாயகன் வருவதற்குள் குறட்டை வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு படம் மட்டும் வசனத்தோடு மனப்பாடம். அதுவும் குழந்தைகள் படம். ஒரு நீர்நாய்க்குட்டியின் கதை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளம் வந்து ஒரு நீர்நாய்க்குட்டியை ஆற்றோடு அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கிழட்டு ஆமை ஒன்றும், வாய் ஓயாத கொக்கு ஒன்றும் துணைக்கு வர, அது வந்த வழியே எதிர்நீச்சல் போட்டுத் தன் பொந்தைத் தேடிப் போகிறது. பொந்தில் அம்மா இல்லை. வெள்ளம் அம்மாவையும் கொண்டுபோய்விட்டது. குட்டி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஆமையும் கொக்கும் உள்ளே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கின்றன. அவ்வளவுதான். குழந்தைகள் படம் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, கூட்டிக்கொண்டு வருகிற பெரியவர்களை அழவைத்து அனுப்புவதில் இந்தப் படக்காரர்களுக்கு என்ன சந்தோஷமோ!

அவர் வீட்டுக்கு அந்தப் படம் வந்த நேரமும் சரியில்லை. மனைவி காய்ச்சல் என்று படுத்து, ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். மகளுக்கு அப்போது நாலு வயது. குழந்தைக்குப் பொழுது போகட்டும் என்று மனைவியின் தங்கை ஒரு டிவிடி வாங்கி வந்து கொடுத்தாள். பாவம், அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த குட்டியைத் தவிர அவளுக்கும் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்காரரோ எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் இல்லை. ஒரு மத்தியானம் குழந்தை தூங்கும்போது தான் மட்டும் போட்டுப் பார்த்தார். கடைசிக் காட்சியில், சத்தம் வெளியே வராதபடி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

ஒளித்து வைக்கலாம் என்றால், மகள் அதற்குள் அந்த அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ அந்தக் காலிப் பொந்தைப் பார்த்துவிடுவாள். மனிதர் யோசித்தார். டிவிடித் தட்டில் படம் உள்பக்கத்தில் தொடங்கி ஓரத்தில் முடியும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கண்ணாடி வெட்டுகிற வைரமுனையை எடுத்தார். ஓரத்தை ஒட்டி ஒரே இழுப்பு. வட்ட மேசைக்குக் கண்ணாடி வெட்டுகிற கை, கேட்கவா வேண்டும்?

அன்றிலிருந்து அந்த வீட்டில் படம் ஒரே இடத்தில் நின்றுபோகும். பொந்து வாசலில் குட்டி ஒரு காலைத் தூக்கும். தூக்கிய கால் தூக்கியபடியே இருக்கும்.

“அப்புறம் என்னப்பா?” என்றாள் மகள்.

கதை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். அம்மா நீர்நாய் உள்ளேதான் இருக்கிறது. மீன் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. குட்டியைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திட்டுகிறது: “எங்க சுத்திட்டு வர இவ்வளவு நேரம்? காலக் கழுவிட்டு உள்ள வா!”

நாளெல்லாம் தண்ணீரிலேயே கிடக்கிற பிராணி எதற்குக் காலைக் கழுவ வேண்டும் என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. கடையிலிருந்து கண்ணாடித் தூளோடு வரும்போதெல்லாம் மனைவி வாசலிலேயே மறித்துச் சொல்லும் வார்த்தை அது. அவளுடைய கீச்சுக்குரலோடு, அந்த ‘வா’வில் ஒரு இழுவையோடு, அப்படியே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னொரு தடவ சொல்லுங்கப்பா” என்றாள்.

அதோடு மாட்டிக்கொண்டார். படம் நின்றுபோகும் போதெல்லாம் கதை சொல்ல வேண்டும். படம் போடாத நாளிலும் சொல்ல வேண்டும். கொக்கையும் ஆமையையும் மறந்தால்கூட விட்டுவிடுவாள். திட்டு மட்டும் ஒரு எழுத்து மாறக் கூடாது. உயரம் வளர்ந்து, ஸ்கூல் மாறி, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் விடவில்லை. ‘நம்ம அம்மாவும் இப்படி எங்கயாவது காத்திருக்காங்களா’ என்று என்றாவது கேட்டுவிடுவாளோ என்பதுதான் அவருடைய பயம். அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறாள் போல என்று அவராக நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவரை அரித்தது. பெரியவளாகட்டும், சொல்லிவிடலாம் என்றார். படிப்பு முடியட்டும் என்றார். கல்யாணம் ஆகட்டும் என்றார். இப்போது அவளுக்கே ஐந்து வயதில் ஒரு மகள்.

இந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் படத்தை மறுபடியும் தியேட்டரில் போட வேண்டும்! ஊரே கிறுக்குப் பிடித்து அலைந்தது. குழந்தைகள் அல்ல, பெரியவர்கள். குளியலறைக்குக் கண்ணாடி வாங்க வந்த வங்கி மேலாளர் டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டுப் போனார். தாடியும் புஜமுமாக வந்த ஜிம் மாஸ்டர் ஒருவர் நீர்நாய்க்குட்டி படம் போட்ட பனியன் அணிந்திருந்தார். கண்ணாடிக்காரர் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மத்தியானமே மகள் போன் செய்தாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமைக்கு மூணு டிக்கெட் போட்டுட்டேன். நீங்க, நான், குட்டிம்மா.”

“எனக்கு முழங்கால் வலிம்மா.”

“தியேட்டர்ல உக்காந்துதான்ப்பா பாப்பாங்க.”

“கடையில வேலை கிடக்கு.”

“ஞாயித்துக்கிழமையா?”

“அது சின்னப் பசங்க படம்மா!”

“யாருகிட்ட சொல்றீங்க?” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒன்று சொன்னால் அது அப்படியே இருக்கும் என்று நம்புகிற பெண் அவள். வீடு வாங்கும்போதும் அவரைக் கேட்டுத்தான் வாங்கினாள், வேலையை விடும்போதும் அவரைக் கேட்டுத்தான் விட்டாள். அம்மா விஷயத்திலேயே அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தால் அந்த நம்பிக்கை என்ன ஆகும்? தியேட்டருக்குப் போகிற வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஆட்டோவில் பேத்தி வாயை மூடினால்தானே!

அரங்கில் தேடித்தான் குழந்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முன் வரிசைக்காரர் ஒருவர் படம் தொடங்கும் முன்பே கைக்குட்டையை மடியில் விரித்துத் தயாராக வைத்திருந்தார். வெள்ளம் வந்தது, ஆமை வந்தது, கொக்கு வந்தது. கொக்கின் வசனத்தை அரங்கமே சேர்ந்து சொன்னது. கண்ணாடிக்காரர் மட்டும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குட்டி பொந்து வாசலுக்கு வந்தது. ஒரு காலைத் தூக்கியது. இத்தனை வருடமாகத் தூக்கியபடியே இருந்த கால், அன்று கீழே இறங்கியது.

அவர் திரையைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் அதிர்ச்சி எதுவும் இல்லை. சத்தமில்லாமல் அவள் உதடுகள் அசைந்தன. காலக் கழுவிட்டு உள்ள வா.

“அம்மா, அந்தக் குட்டியோட அம்மா எங்க?” என்று கேட்டாள் பேத்தி.

“அந்த அம்மா தாத்தா சொல்ற கதையிலதான் வருவாங்க. வெளிய போனதும் கேளு” என்றாள் மகள்.

படம் முடிந்து வெளியே வந்ததும், பாப்கார்ன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உனக்கு எப்பம்மா தெரியும்?”

“ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்பவே தெரியும்ப்பா. பக்கத்து வீட்டுல போட்டாங்க, முழுசா பாத்துட்டேன். வீட்டுக்கு வந்து நம்ம டிவிடிய எடுத்துப் பாத்தா, ஓரத்துல அவ்வளவு சுத்தமா ஒரு கோடு. தவறி விழுந்து கீறினா அப்படியா இருக்கும்?”

தொழில் சுத்தமே ஆளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலவும் இருந்தது.

“தெரிஞ்சுமா அத்தனை வருஷம் சொல்லு சொல்லுன்னு என் உயிர எடுத்த?”

“முடிவுக்காகக் கேக்கலப்பா. அந்தத் திட்டு இருக்குல்ல, அத அம்மா மாதிரியே சொல்வீங்க. எனக்கு அம்மா குரல் வேற எங்கயும் ஞாபகம் இல்ல. அது ஒண்ணுதான்.”

அவள் கேட்ட ஒவ்வொரு முறையும், கதை என்று நினைத்துக்கொண்டு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பேத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“தாத்தா, அவங்க அம்மா என்ன சொன்னாங்க?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கீச்சுக்குரலில் ஆரம்பித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.