டிராக்டரை நிறுத்திய பச்சைப் பூஞ்சணம்

எங்கள் பக்கத்துக் கரும்புக்காரர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அந்தப் பூசணக்காரனா?" என்பார்கள். சொல்லட்டும். நான் அஞ்சாவது தாண்டாதவன். பதினெட்டு வயதில் போர்க்கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறி, பாஷை தெரியாத வடக்கத்தி ஊர்களில் பாறையைத் துளைத்து, அந்தச் சம்பாத்தியத்தில் மூன்று ஏக்கர் வாங்கினேன். அப்பன் சொத்து ஒரு சாண் கிடையாது. அந்த மண்ணில் எதை வைப்பது, எதை அழிப்பது என்று என்னைத் தவிர எவனும் சொன்னதில்லை, போன வருசம் வரைக்கும்.

போன வருசம், முந்தின வெட்டில் விட்ட கட்டையிலிருந்து மறுபடி தழைத்த கட்டைக் கரும்பு. ஆடியில் அங்கங்கே மஞ்சளடித்தது. ஒரு தூரைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் சுண்டுவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், வளைந்து படுத்துக் கிடக்கின்றன. தூருக்கு அஞ்சாறு.

மூத்த மகன் வந்து பார்த்தான். சொந்த டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழவு ஓட்டுகிறவன். "கரும்பை ஓட்டிப்போட்டுக் குச்சிக்கிழங்கு வெச்சரலாமுங்கப்பா. இனிமேக் காட்டை நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா உக்காருங்க" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. கரும்பை ஓட்டினால் அதோடு என் பேச்சையும் சேர்த்து ஓட்டிவிடுவான்.

"ஐப்பசி வரைக்கும் உன்ற டிராக்டர் என்ற வரப்புல ஏறப்படாது" என்றேன்.

வேளாண்மை ஆபீசரம்மா ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே இருப்பது உயிருள்ள பூஞ்சணமாம். ஈரம் இருந்தால் புழுவின் தோல்மேல் முளைத்து, உள்ளே இறங்கிக் கொன்றுவிடுமாம். பூச்சிமருந்துக் கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பழைய சோத்துல பூக்கற பூசணத்தையா கரும்புக்கு உடறீங்க?" என்றார். சிரித்து முடித்து, "மஞ்சளடிக்கறது வேரழுகலாக்கூட இருக்கும், எதுக்கும் இதையும் ஊத்துங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினார். எங்கள் ஊரில் எவனும் மருந்தைத் தனித்தனியாக ஊற்றுவதில்லை. நானும் இரண்டையும் ஒரே டிரம்மில் கலக்கித் தூர் தூராக ஊற்றினேன்.

இருபத்தஞ்சு நாள் கழித்துத் தோண்டினால், புழு முன்னைவிடக் கொழுத்திருக்கிறது.

வீட்டுக்காரி பத்தாவது படித்தவள். பொட்டலத்தை எடுத்து வாசித்தாள். "பூஞ்சணக்கொல்லியோட கலக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. நீங்க ஊத்துன டப்பா எங்க?" அதையும் வாசித்தாள். பூஞ்சணக்கொல்லியேதான். உயிரை வாங்கி வந்ததும் நான், கொன்றதும் நான்.

"என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே படிச்சுச் சொல்லியிருப்பனே."

"கேக்கோணும்னு தோணலை."

நாற்பது வருசத்தில் அவளிடம் நான் தோற்றது அந்த ஒரு முறைதான். அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள்.

மறுபடியும் ஆபீசுக்குப் போய் நின்றேன். செய்த தப்பை மறைக்காமல் சொல்லி, இன்னொரு பொட்டலம் வாங்கி வந்தேன். புரட்டாசி பிறந்ததும் நல்ல மழை. இந்த முறை பூஞ்சணத்தைத் தொழு உரத்தில் பிசிறி, அது பெருகட்டும் என்று நிழலில் ஈரச் சாக்குப் போட்டுச் சில நாள் மூடி வைத்தோம். பிறகு வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்துத் தூரோரம் போட்டு மண் அணைத்தோம்.

ஐப்பசி ஒண்ணாம் தேதி காலையிலேயே டிராக்டர் வந்து வரப்போரம் நின்றது. மகன் கலப்பையை மாட்டியே கொண்டு வந்திருந்தான்.  மண்வெட்டியால் ஒரு தூரைத் தோண்டினேன். இரண்டு புழு நெளிந்தன. மூன்றாவது நெளியவில்லை. விறைத்துப்போய், மேலெல்லாம் பச்சை மாவு பூசின மாதிரி இருந்தது. எடுத்து டிராக்டர் பானெட்டின் மேல் வைத்தேன்.

"ஒண்ணு செத்ததுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"எறங்கி நீயே தோண்டு. எங்க வேணும்னாலும் தோண்டு."

இறங்கினான். முதல் தூரில் இரண்டு பச்சை. அடுத்ததில் உயிரோடு ஒன்று. என்னை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே தள்ளிப் போய் இன்னொன்றைத் தோண்டினான். நாலு புழு, நாலும் பச்சை. குந்தியபடியே அதை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"காவாசிக் கரும்பு போயிருச்சேங்கப்பா."

"முக்காவாசி நிக்குதல்ல?"

கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "செரி, இந்த வருசம் உங்க பேச்சு."

"எந்த வருசம்டா என்ற பேச்சு இல்லாமப் போச்சு?"

 கலப்பையைத் தூக்கி, டிராக்டரை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனான்.