கண்டியில் தாழிட்ட கதவு

ஆவூரில் ஆசிரியையாக இருந்த நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு கோடை விடுமுறையில் தனியாக இலங்கை சுற்றிப் பார்க்கப் போனேன். கண்டியில் விடுதி அறையில் காய்ச்சலில் படுத்தேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம். பெரியம்மையென்று தெரிந்தால் தனி முகாமில் அடைத்துவிடுவார்களே என்று பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

விடுதியில் சமைக்கும் பொன்னமராவதிக்கார அம்மா வந்து தட்டினார்.

"அம்மைங்க. உள்ள வராதீங்க" என்றேன்.

"எனக்குச் சின்னதுலயே பெரியம்மை வந்து போயிருச்சு. தொறங்க."

திறந்தேன். அவர் முகமெல்லாம் தழும்பு.

"இருங்க, டாக்டரக் கூட்டியாரேன்."

"வேணாங்க, என்னையப் புடிச்சுட்டுப் போயிருவாங்க" என்று அழுதேன். அவர் கேட்கவில்லை.

டாக்டர் கொப்புளங்களைப் பார்த்து முடிக்கும்வரை அந்த அம்மாவின் சேலையை இறுகப் பிடித்திருந்தேன்.

"சின்னம்மைதான்" என்றார் டாக்டர்.

பிறகு பத்து நாளும் அந்த அம்மாதான் கஞ்சி ஊட்டினார்.